பொதுத் தேர்வுக்குத் திட்டமிட்டுப் படித்தல்

(யூபிலி ஆண்டையொட்டி நமது பங்கில் நடைபெற்ற மாணவர் – பெற்றோர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு விழாக் குழுவினர் சிலர் வியப்படைந்தனர். ஆலயத்தின் வரலாறு இருக்கிறது, முன்னோரின் தியாகம் இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டுப் படிப்புக்கு அட்டவணை போடும் முறையைப் பற்றிப் பேசுவது யூபிலிக்குத் தகுமா என்று கேட்டனர். தகும் என்பதே நமது துணிபு. இராயபுரம் என்னும் பெயரே புனித இராயப்பரின் பெயரால் விளைந்தது. அங்குள்ள பழம்பெரும் ஆலயத்தை எழுப்பியவர்கள், கப்பலுக்கும் கரைக்கும் இடையே படகு வலித்துப் பிழைத்த மக்கள். வட சென்னையின் திருச்சபை உழைப்பாளிகளின் வியர்வையில் வளர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அந்த உழைப்பாளிகளின் வழித்தோன்றல்கள் இன்று நிற்கும் வாசல் பொதுத் தேர்வு. அந்த வாசலை அவர்கள் எப்படிக் கடக்கிறார்கள் என்பது பங்கின் கவலையே ஆகும்.

2025ஆம் ஆண்டு மார்ச் – ஏப்ரலில் நடந்த பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வைத் தமிழகத்தில் 8,71,239 பேர் எழுதினர். 8,17,261 பேர் தேறினர். நூற்றுக்கு 93.80 என்று செய்தித்தாள்கள் மகிழ்ந்தன. மகிழ வேண்டியதுதான். ஆயினும் மீதம் ஏறத்தாழ 54,000 பிள்ளைகள் அல்லவா? இவர்களில் பலர் ஒரே ஒரு பாடத்தில் தவறியவர்களாயிருப்பர் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். நமது பகுதியில் அதன் பின் நடப்பது நமக்குத் தெரியும். பையன், "ரெண்டு மாசம் சும்மா போயிட்டு வரேன்" என்று கன்டெய்னர் கிடங்கிலோ, ஒப்பந்தக்காரரிடமோ, விசைப்படகிலோ வேலைக்குச் சேருகிறான். கையில் காசு பார்த்தபின் அந்த இரண்டு மாதம் முடிவதேயில்லை. பெண்பிள்ளையாயிருந்தால் வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்குகிறது. உழைப்பு இழிவன்று, உழைப்பைத் தவிர வேறு வழியே இல்லாமற் போவதுதான் துயரம்.

இப்பிள்ளைகள் எல்லாம் படிக்காதவர்களா? இல்லை. ஒரு தாய் நம்மிடம் வந்து, "சாமி, எம் பையன் நாள் பூரா புஸ்தகமும் கையுமாத்தான் இருக்கான், மார்க்கு மட்டும் வரமாட்டேங்குது" என்று முறையிட்டார். அவர் கூறியதில் பொய்யில்லை. பையன் உட்கார்ந்தான். ஆனால் எந்தப் பாடத்தில், எத்தனை நேரம், எதற்காக உட்கார்ந்தான் என்பதற்கு அவனிடம் கணக்கில்லை. ஆகவே நாம் இன்று கூற விரும்புவது ஒன்றே: பல பாடங்களுக்கு ஒருசேரத் தேர்வு எழுதும் பிள்ளைக்குத் திட்டம் வேண்டும், அத்திட்டம் அவன் பயப்படும் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தேர்வின் அமைப்பே அதற்குக் காரணம். பத்தாம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடங்கள்; ஒவ்வொன்றிலும் 100க்கு 35 பெற்றால்தான் தேர்ச்சி. தமிழில் 92 வாங்கியவன் அதில் பத்தை எடுத்துக் கணிதத்தின் 28இல் போட்டுக்கொள்ள முடியாது. விரும்பும் பாடத்தை மேலும் மேலும் படிப்பது மனத்துக்கு இதமாயிருக்கும். ஆனால் வருடத்தைக் காப்பது அதுவல்ல. படகில் எந்தப் பலகை விரிசல் கண்டதோ அந்தப் பலகையைத்தான் முதலில் அடைக்க வேண்டும். காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, திட்டம் போடுவது எப்படி?

பலரும் செய்வது இதுதான். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, காலை 4 மணி தமிழ், 5 மணி ஆங்கிலம் என்று இரவு 11 வரை வண்ண மையில் எழுதிச் சுவரில் ஒட்டுவர். மூன்றாம் நாள் அது கிழிந்துவிடும். நான்காம் நாள், "நம்மால் முடியாது" என்ற சோர்வு வரும். பிள்ளையின் மீது குற்றமில்லை. அந்த அட்டவணை இல்லாத ஒரு வீட்டுக்காக எழுதப்பட்டது.

ஆகவே முதல் வேலை, உள்ள நேரத்தை எண்ணுதல். நமது வீடுகளின் நேரம் பிற இடங்களைப் போன்றதன்று. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தந்தை ஆலையில் ஷிப்டு பார்க்கிறார். இரவு ஷிப்டு முடித்து வந்தவர் பகலில் உறங்க வேண்டும். அந்த நேரத்தில் ஒற்றை அறை வீட்டில் பிள்ளை வாய்விட்டுப் படிக்க இயலாது. காசிமேட்டில் மீன் எடுக்கப் போகும் தாய், விடியுமுன் ஏலத்திற்குப் புறப்பட்டு விடுகிறார். மூத்த பெண்தான் தம்பி தங்கைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புகிறாள். அவளுக்கு, "காலையில் 4 மணிக்கு எழுந்து படி" என்று கூறுவது பயனற்ற அறிவுரை. எனவே பிள்ளைகளே, மூன்று நாட்களுக்கு எந்தத் திட்டமும் போடாதீர்கள். எந்த மணியில் வீட்டில் இடம் இருந்தது, அமைதி இருந்தது, கண் விழித்திருந்தது என்று மட்டும் குறித்து வையுங்கள். அதுவே உங்கள் மூலதனம். அது இரண்டரை மணியானாலும் உண்மையான இரண்டரை மணி. கனவில் காணும் பத்து மணியைவிட மேலானது.

இரண்டாவது வேலை, நாட்களைப் பின்னிருந்து முன்னாக எண்ணுதல். 2025ஆம் ஆண்டின் பத்தாம் வகுப்பு அட்டவணையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தேதிகள் ஆண்டுதோறும் மாறும். கணக்கு போடும் முறை மாறாது. அந்த ஆண்டு மார்ச் 28 தமிழ், ஏப்ரல் 2 ஆங்கிலம், ஏப்ரல் 7 கணிதம், ஏப்ரல் 11 அறிவியல், ஏப்ரல் 15 சமூக அறிவியல். முதல் தேர்வுக்கும் கடைசித் தேர்வுக்கும் சேர்த்து 19 நாட்கள். தேர்வு நாட்கள் ஐந்து போக, இடைவெளி நாட்கள் 4, 4, 3, 3 என்று 14. "அதான் நடுவுல லீவு இருக்கே, அப்போ பாத்துக்கலாம்" என்று சொல்லும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். சமூக அறிவியலுக்கு முன் கிடைத்த மூன்று நாட்களில் 13ஆம் தேதி குருத்து ஞாயிறு, 14ஆம் தேதி தமிழ்ப் புத்தாண்டு. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்ற நான்கு பகுதிகளை அந்த மூன்று நாட்களில் புதிதாய்ப் படித்துவிட யாரால் இயலும்? இடைவெளி நாட்கள் திருப்பிப் பார்ப்பதற்கு உரியவை. முதன்முதலாகப் படிப்பதற்கு உரியவை அல்ல.

அப்படியானால் படிப்பதற்குரிய காலம் எது? அந்த ஆண்டு அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரி 2ஆம் தேதி பள்ளி திறந்ததிலிருந்து மார்ச் 27 வரை 85 நாட்கள், அதாவது 12 வாரங்கள். பள்ளி நாளில் வீட்டில் 3 மணி நேரம் கிடைக்கும் பிள்ளைக்கு ஆறு நாட்களில் 18 மணி. ஞாயிறன்று 4 மணி. ஆக வாரத்துக்கு 22. பன்னிரண்டு வாரத்துக்கு 264 மணி. இது காகிதக் கணக்கு. பொங்கல் வரும், காய்ச்சல் வரும், உறவில் ஒரு சாவு வரும், மின்சாரம் போகும். எனவே நாலில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். கையில் நிற்பது ஏறத்தாழ 200 மணி.

இப்படிக் கழிக்கச் சொல்வது சோம்பலுக்கு இடம் கொடுப்பதாகாது. கனடா நாட்டில் ஓர் ஆய்வு நடத்தி 1994ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டனர். சராசரியாக 34 நாட்களில் என்றனர். உண்மையில் பிடித்தது 55 நாட்கள். படித்தவர்களும் தம் நேரத்தை இவ்வாறு குறைத்தே மதிப்பிடுகின்றனர். இடையூறுக்கு இடம் விட்டுப் போட்ட திட்டமே இடையூறு வந்தபோது நிலைக்கும்.

மூன்றாவது வேலை, பங்கிடுதல். 200 மணியை ஐந்தால் வகுத்து ஒவ்வொரு பாடத்துக்கும் 40 என்று வைப்பது நீதி போலத் தோன்றும். ஆனால் அது நீதியன்று. அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண் தாளை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். கணிதத்தில் 24, அறிவியலில் 38, ஆங்கிலத்தில் 41, சமூக அறிவியலில் 55, தமிழில் 68 என்றிருக்கும் பிள்ளை, கணிதத்துக்கு 60, அறிவியலுக்கு 45, ஆங்கிலத்துக்கு 40, சமூக அறிவியலுக்கு 30, தமிழுக்கு 25 என்று பங்கிடலாம். கூட்டிப் பாருங்கள், 200 வரும். தமிழை விட்டுவிடவும் இல்லை. கணிதத்தைப் பட்டினி போடவும் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பள்ளியில் வைக்கும் திருப்புதல் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்து இப்பங்கீட்டைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அஞ்சும் பாடத்துக்கு நாளின் நல்ல நேரத்தைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் பிடித்த பாடத்தை முதலில் எடுத்து, பிடிக்காததைத் தூக்கம் வரும் நேரத்துக்குத் தள்ளிவிடுகின்றனர். கணிதப் புத்தகத்தின் மேல் தலை சாய்கிறது. பிறகு, "கணக்கு எனக்கு வராது" என்கின்றனர். வரவில்லையா, வர நேரம் கொடுக்கவில்லையா?

கணிதம் வராது என்று அழும் பிள்ளைக்கு ஒரு சிறு கணக்கு. பத்தாம் வகுப்பு வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண் வினா 10 எழுத வேண்டும். ஐந்து மதிப்பெண் வினா 10 எழுத வேண்டும். எட்டு மதிப்பெண்ணில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. 14, 20, 50, 16 சேர்ந்து 100. வடிவியலும் வரைபடமும் முறை தெரிந்து, அளவுகோலும் கவராயமும் கையில் பழகியவனுக்குப் பிடிபடுபவை. இரண்டிலும் சேர்ந்து 16. ஒரு மதிப்பெண் வினாக்கள் பலவற்றைப் பாட இறுதியில் உள்ள பயிற்சியைக் கொண்டே பழகலாம்; 14இல் 10 சரியானால் 26. இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஐந்து மட்டும் எழுதினாலும் 36 ஆகிவிட்டது. இங்கேயே நின்றுவிடச் சொல்லவில்லை. ஆயினும், மூடிய கதவென்று எண்ணியிருந்த இடத்தில் பிடி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அச்சம் பாதி போய்விடும். ஒவ்வொரு பாடத்துக்கும் இவ்வாறு வினாத்தாளின் அமைப்பை எழுதி வைத்துக்கொண்டு, முதலில் கைப்பிடிக்குள் வருவது எது என்று ஆசிரியரிடம் கேட்டறிந்து தொடங்குங்கள்.

நான்காவது, படிக்கும் முறை. ஜெர்மனி நாட்டு அறிஞர் எபிங்காஸ் என்பவர் தம்மையே சோதனைக்குட்படுத்தி, மறதியைப் பற்றி 1885ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து பார்த்ததில், ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேலும், ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும் மறந்து போகக் கண்டார். பொருளுணர்ந்து படித்தது இவ்வளவு விரைவாய் மறக்காது, ஆனாலும் மறக்கும். மறப்பது மனித இயல்பு. அதற்காகப் பிள்ளையை, "மண்டையில ஒண்ணும் இல்ல" என்று ஏசுதல் தவறு. மருந்து, திரும்பி வருதல். இன்று படித்த பாடத்தை நாளை பத்து நிமிடம், அடுத்த வாரம் பத்து நிமிடம், அடுத்த மாதம் பத்து நிமிடம் என்று திரும்பப் பார்க்க வேண்டும். எனவே ஒரு வாரம் முழுதும் அறிவியல், அடுத்த வாரம் முழுதும் சமூக அறிவியல் என்று வைக்காமல், ஒரே மாலையில் இரண்டு அல்லது மூன்று பாடங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

திரும்பப் பார்ப்பது என்றால் திரும்ப வாசிப்பதன்று. அமெரிக்க நாட்டில் 2006ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதை நன்கு விளக்குகிறது. மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பகுதியை மீண்டும் வாசித்தனர். மற்றொரு சாரார் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்ததை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தி நின்றனர். ஆனால் இரண்டு நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் கேட்டபோது மூடி எழுதியவர்கள் முந்தினர். நாள் பூராவும் புத்தகமும் கையுமாய் இருந்த பையனுக்கு மதிப்பெண் வராததன் காரணம் இங்கே தெரிகிறது. திறந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தால் எல்லாம் தெரிந்தாற்போலவே இருக்கும். மூடினால்தான் உண்மை வெளிப்படும். ஆகவே 40 நிமிடம் ஒதுக்கினால் 25 நிமிடம் படியுங்கள். 15 நிமிடம் மூடி வைத்து எழுதுங்கள். தாள் வாங்கக் காசில்லையெனில் பழைய காலண்டர் தாளின் பின்புறம் போதும்.

குருமடத்தில் நமக்கு வாய்த்த பயிற்சி ஒன்றை இங்கே கூறலாம். அங்கே எல்லாம் மணிக்கு நடக்கும். ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியரின் நாளைச் செபத்துக்கும், கைவேலைக்கும், வாசிப்புக்கும் எனப் பகுத்து வைத்தார். அவ்வழக்கத்தின் சாயலே குருமடத்து மணி. தொடங்குவதற்கு மணி அடிப்பது யாவர்க்கும் தெரியும். நிறுத்துவதற்கும் அந்த மணிதான் அடிக்கும். இலத்தீன் பாடம் பாதியில் இருந்தாலும் மூடிவிட்டு அடுத்த வேலைக்கு எழ வேண்டும். முதலில் அது கொடுமையாகத் தோன்றிற்று. நாளடைவில் அதன் பயன் விளங்கிற்று. ஒரு பாடம் மற்றொரு பாடத்தின் நேரத்தைத் தின்னாமல் காப்பது அந்த இரண்டாவது மணியே. உங்கள் வீட்டில் மணி இல்லாவிட்டாலும் கடிகாரம் உண்டு. கணிதத்துக்குக் குறித்த நேரம் முடிந்தால், தீராத கணக்கில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். நாளை ஆசிரியரிடம் கேட்கலாம். அவ்வாறே இரவு உறங்கும் நேரமும் அட்டவணையில் எழுதப்பட வேண்டும். படித்தது மனத்தில் படிவதற்கு உறக்கம் வேண்டும். தேநீரைக் குடித்து விடிய விடிய விழித்துவிட்டுத் தேர்வறையில் கண்ணைக் கசக்குவது, வலையை நிறைத்துக் கரையில் கிழித்த கதையாகும்.

பிளஸ் டூ எழுதும் பிள்ளைகளுக்கும் இதுவே வழி. பாடச்சுமை மட்டும் கூடுதல். தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978இல் தொடங்கி, முதல் பிளஸ் டூ பொதுத் தேர்வு 1980இல் நடந்தது. நாம் எழுதிய காலத்தில் மொத்தம் 1200 மதிப்பெண், இப்போது 600. 2025இல் அத்தேர்வு மார்ச் 3ஆம் தேதி தமிழில் தொடங்கி, 6ஆம் தேதி ஆங்கிலம் என்று போய், 25ஆம் தேதி முடிந்தது. நடுவே 5ஆம் தேதி திருநீற்றுப் புதன். பிப்ரவரியிலேயே செய்முறைத் தேர்வுகள் வந்துவிட்டன. ஆக பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஜனவரி மாதமே உண்மையான கடைசி மாதம். மற்றொரு எச்சரிக்கை: 2018 மார்ச்சில் தொடங்கிய பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வை 2025இல் அரசு நீக்கிவிட்டது. சுமை குறைந்தது நன்றே. ஆனால் பதினொன்றில் விட்ட கணிதமும் இயற்பியலும் பன்னிரண்டில் வட்டியோடு திரும்பி வரும் என்பதைப் பிள்ளைகள் மறக்கலாகாது.

"கடைசித் தேர்வுதானே கணக்கு, காலாண்டும் அரையாண்டும் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு. 2020ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். கொரோனா நோயின் காரணமாக அவ்வாண்டு பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு ரத்தாயிற்று. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களிலிருந்து நூற்றுக்கு 80 பங்கும், வருகைப் பதிவிலிருந்து 20 பங்கும் எடுத்து மதிப்பெண் வழங்கினர். அலட்சியமாய் அரையாண்டு எழுதியவன் கையைப் பிசைந்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து நமது தெருக்களில் நீர் புகுந்தபோது, அரையாண்டுத் தேர்வே தள்ளிப் போயிற்று. புத்தகங்களைப் பரணில் ஏற்றிக் காத்த வீடுகள் எத்தனை! கடலோரத்தில் வாழும் நமக்கு மார்ச் மாதத்தை நம்பி மற்ற மாதங்களை விடும் துணிவு கூடாது.

இனித் தேர்வு நாட்கள். நுழைவுச் சீட்டு கிடைத்ததும் தேர்வு மையத்துக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். மையம் வேறு பள்ளியாயிருக்கலாம். கொருக்குப்பேட்டையில் இரயில்வே கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று எவரும் சொல்ல இயலாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நின்றுவிட்டால் பேருந்து நகராது. ஆகவே 10 மணித் தேர்வுக்கு 9 மணிக்கே மைய வாசலில் நிற்கும்படி புறப்பட வேண்டும். வினாத்தாளை வாசிக்க முதலில் 10 நிமிடம் தருகிறார்கள். அதை வீணாக்காமல், எழுதப்போகும் வினாக்களுக்குக் குறி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரமும் ஒரு சிறு அட்டவணையே. கணிதத்தில் ஒரு மதிப்பெண் பகுதிக்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 30, ஐந்து மதிப்பெண்ணுக்கு 80, எட்டு மதிப்பெண்ணுக்கு 35, திரும்பிப் பார்க்க 20 என்றால் 180 நிமிடம் நிறைகிறது. இதை வீட்டில் கடிகாரம் வைத்து மூன்று நான்கு முறையேனும் எழுதிப் பழகியிருக்க வேண்டும். தேர்வு முடிந்து வாசலில் நின்று, "அது என்ன விடை, இது என்ன விடை" என்று ஒருவரையொருவர் கலங்கடிக்காதீர்கள். வீட்டுக்கு வாருங்கள், சாப்பிடுங்கள், சற்றே உறங்குங்கள். மாலையில் அடுத்த பாடத்தைத் திறவுங்கள்.

பெற்றோர்களே, இனி உங்களுக்கு. அட்டவணையைப் பிள்ளை எழுதுகிறான். அதைக் காப்பது வீடு. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதில் பங்கு கொள்ளலாம். பிள்ளை மூடி எழுதிய தாளைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பாடத்தைக் கதை போல் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தடுமாறும் இடம் உங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். மாலையில் குறித்த இரண்டு மணி நேரம் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அடங்கட்டும். பிள்ளையின் கைப்பேசி மட்டுமன்று, நைனாவின் கைப்பேசியும்தான். ஷிப்டு மாறும் வாரம் தந்தை முன்கூட்டியே வீட்டில் கூறிவிட்டால், பிள்ளை அந்த வாரம் படிக்கும் நேரத்தை மாற்றி வைத்துக்கொள்வான். வட்டி கட்டுவது, வாடகை ஏறுவது போன்ற பேச்சுகளைப் பிள்ளை எதிரே பேசுவதைத் தேர்வு முடியும்வரை ஒத்திவையுங்கள். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முந்தின வாரங்களில்தான் வீட்டில் கைக்கு ஆள் தேவைப்படும் என்பது நமக்குத் தெரியும். ஆயினும் தேர்வு எழுதும் மகனை அவ்வாரங்களில் படகுக்கு அழைக்காதிருங்கள். அதற்கு ஈடாக வரும் கூலி, ஓர் ஆண்டுப் படிப்பின் விலையாகாது.

ஒப்பிடுவதும் வேண்டாம். "எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்" என்ற ஒரு சொல், பல நாள் உழைப்பைக் கெடுத்துவிடும். மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையே அரசு 2017இல் கைவிட்டது. அரசு விட்டதை நாம் வீட்டில் பிடித்துக்கொண்டிருப்பானேன்?

எல்லாம் செய்தும் ஒரு பாடம் தவறிவிட்டால்? அப்போதும் திட்டம்தான் துணை. 2025இல் மே 16ஆம் தேதி பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. ஜூலை 4ஆம் தேதி துணைத் தேர்வு தொடங்கியது. நடுவே ஏழு வாரங்கள். ஒரே பாடத்துக்கு ஏழு வாரம் என்பது தாராளமான காலம். முடிவு வந்த வாரத்திலேயே பள்ளிக்குச் சென்று விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்ற பேச்சே கன்டெய்னர் கிடங்குக்கு வழி காட்டும் பேச்சு. அந்நாட்களில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். உணவு வேண்டாம் என்று படுத்துக்கொண்டால் அருகில் அமருங்கள். 14417 என்ற எண்ணில் பள்ளிக் கல்வித் துறையினர் மாணவர்க்கு வழிகாட்டுகின்றனர். நமது பங்கு இல்லத்தின் கதவும் எந்நேரமும் தட்டலாம். மதிப்பெண் தாளைவிடப் பிள்ளை பெரிது.

இறுதியாக, பங்கின் பொறுப்பு. அறிவுரை மட்டும் கூறிவிட்டுப் போவது அழகன்று. சுனாமிக் குடியிருப்புகளிலும் ஒண்டுக் குடித்தனங்களிலும் உட்கார்ந்து படிக்க இடமில்லை என்று பிள்ளைகள் கூறுகின்றனர், அது உண்மை. எனவே ஜனவரி முதல் தேர்வு முடியும்வரை, வார நாட்களில் மாலை 6 முதல் 9 வரை நமது பங்கு மன்றத்தைப் படிப்பதற்காகத் திறந்து வைப்போம். எம்மதத்துப் பிள்ளையும் வரலாம். பங்கில் உள்ள ஆசிரியர்களும், கல்லூரியில் பயிலும் நமது இளைஞர்களும் வாரத்தில் ஒரு மாலை தந்தால், கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் சந்தேகம் தீர்க்க ஆள் கிடைக்கும். பெண்பிள்ளைகள் வீடு திரும்பும்போது பெரியவர் ஒருவர் உடன் செல்ல வேண்டும். தெருவுக்கு ஒருவர் பெயர் கொடுங்கள். தவக்காலச் சிலுவைப்பாதையின்போதும், நவநாளின்போதும் ஆலயத்து ஒலிபெருக்கி ஆலயத்துக்குள் மட்டும் கேட்கும்படி வைப்போம். தெருவில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் அமைதியும் ஆண்டவருக்கு உகந்த காணிக்கையே.

பிள்ளைகளே, இன்று இரவே தொடங்குங்கள். பெரிய தாள் வேண்டாம். வீட்டுக் காலண்டரில் கடைசித் தேர்வின் தேதியை வட்டமிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி வாருங்கள். நீங்கள் மிகவும் அஞ்சும் பாடத்தின் பெயரை நாளை மாலையின் முதல் 40 நிமிடத்தில் எழுதுங்கள். நாளை மறுநாள் அதே பாடத்தைப் புத்தகத்தை மூடி எழுதிப் பாருங்கள். அவ்வளவே.

உங்கள் முயற்சிகளை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. அனைவர்க்கும் யூபிலி வாழ்த்துகள்.